புதுப்பிப்பு: உப்புக் கரைசலில் ஊதாவாக மாறிய தங்க நானோதுகள்கள் – சிக்கல் தீர்ந்தது

சிட்ரேட் பூச்சுள்ள 20 நானோமீட்டர் தங்கத் துகள்களில் எதிர்ப்பொருளை (குறிப்பிட்ட ஓர் இலக்கை மட்டும் பற்றும் புரதம்) ஏற்றி, பாஸ்பேட் தாங்கல் கரைசலில் (அமிலத்தன்மை மாறாமல் காக்கும் உப்புக் கரைசல்) கலந்ததுமே செந்நிறம் ஊதாவாகிவிடுகிறது என்று கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

எதிர்ப்பொருளின் அளவைக் கூட்டிப் பார்த்ததில் பலனில்லை. கைகொடுத்தது, ஒரு முனையில் தயாலும் (கந்தகத் தொகுதி) மறுமுனையில் கார்பாக்சிலும் (அமிலத் தொகுதி) கொண்ட பாலிஎத்திலீன் கிளைகால் என்ற நீண்ட சங்கிலி மூலக்கூறை முதலில் பூசி, அதன் பிறகே கார்போடைஇமைடு என்ற இணைப்பு வினைப்பொருள் வழியாக எதிர்ப்பொருளைப் பிணைக்கச் சொன்ன யோசனைதான். உப்பின் அயனிகள் சிட்ரேட்டின் எதிர்மின் விலக்கத்தை மறைத்துவிடுவதால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. தங்கத்தோடு கந்தகத்தால் வலுவாகப் பிணையும் இச்சங்கிலிகளோ, உப்பு இருந்தாலும் அவற்றை நெருங்கவிடுவதில்லை. பூச்சுக்குப் பின் உட்கவர் உச்சம் (துகள்கள் ஒளியை மிக அதிகமாக உட்கவரும் அலைநீளம்) 520இலிருந்து 523 நானோமீட்டருக்கு நகர்ந்தது. துகள்கள் ஒட்டிக்கொண்டதைக் காட்டும் வகையில் 600க்கு மேல் முன்பு தெரிந்த அகன்ற மேடு இப்போது இல்லை.

எதிர்பாராதது ஒன்று. 5000 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) சங்கிலியுடன் கரைசல் அசைக்க முடியாத அளவு நிலையாக இருந்தும், எதிர்ப்பொருளோடு இலக்குப் புரதம் பிணையும்போது, அதைக் காட்டித்தர வேண்டிய உச்சம் ஏறக்குறைய நகரவே இல்லை. பிளாஸ்மான் புலம் (ஒளி பட்டுத் தங்கத்தின் எலக்ட்ரான்கள் அதிர்வதால் எழும் மின்புலம்) பரப்பிலிருந்து சில நானோமீட்டர் தொலைவிலேயே விரைவாகத் தேய்ந்துவிடுவதால், தடித்த பூச்சு புரதத்தை அதன் எல்லைக்கு வெளியே நிறுத்திவிட்டது என்றே கருதுகிறேன். 2000 டால்டனுக்கு மாறியதும், நிலைத்தன்மை குறையாமலேயே நகர்வு தெளிவாகத் தெரிந்தது.

துகளில் ஒட்டாமல் மிஞ்சும் பாலிஎத்திலீன் கிளைகாலை மூன்று முறையாவது சென்ட்ரிஃபியூஜில் சுழற்றிக் கழுவுங்கள். கரைசலில் எஞ்சுவது எதிர்ப்பொருளைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். என் முதல் தொகுதி அப்படித்தான் வீணாயிற்று.