தடயவியல் போட்டி மேசையில் எது முதலில், எது பிறகு?

ஒத்தக்கடை:
மாணவர் தடயவியல் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிறவர்களும், நடுவராக உட்கார்ந்தவர்களும் மேசையில் கண்டதை எழுதுங்கள். சொந்தக் கதை வேண்டாம். அளவு என்ன, வரிசை என்ன, எங்கே சறுக்குகிறது என்பது போதும். அமெரிக்க சயின்ஸ் ஒலிம்பியாடில் இந்தப் பிரிவுக்கு இருவர் அணி, 50 நிமிடம். அதே கணக்கில் கடிகாரம் வைத்துப் பழகினால் எந்தப் போட்டிக்கும் கை தயாராகும்.

முதலில் வெள்ளைப் பொடி. கொடுத்த பொடியை ஒரே சோதனையில் கொட்டிவிடக் கூடாது. பாதியைத் தொடாமல் ஒதுக்கிவையுங்கள். மீதியில் மிளகு அளவு எடுத்து 20 சொட்டுத் தண்ணீரில் போட்டுக் கலக்குங்கள். கரைகிறதா என்பதுதான் முதல் கேள்வி, அதிலேயே பட்டியல் இரண்டாகப் பிரிந்துவிடும்.

கரையாமல் நின்றால் பெரும்பாலும் ஸ்டார்ச், கால்சியம் கார்பனேட், ஜிப்சம் மூன்றில் ஒன்று. புதுப் பொடியில் ஒரு சொட்டு அயோடின் விடுங்கள். நீலக்கருப்பானால் ஸ்டார்ச். இல்லையென்றால் குழித்தட்டின் இன்னொரு குழியில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். பொங்கினால் கார்பனேட், சும்மா இருந்தால் ஜிப்சம். சாக்பீஸ் என்றாலே பொங்கும் என்று மனப்பாடம் செய்துவருகிறார்கள். கரும்பலகைச் சாக்பீஸ் பல ஜிப்சத்தில் செய்தவை, பொங்காது.

கரைந்தால் அடுத்தது பினால்ஃப்தலீன் என்ற நிறங்காட்டி. சலவைச் சோடா அடர் ரோஜா நிறம் காட்டும், ஆப்பச் சோடா காட்டுவது தெரிந்தும் தெரியாததுமான ஒரு சாயல்தான். அமிலம் விட்டால் இரண்டும் ஒரே மாதிரிப் பொங்கும், ஆகவே அமிலத்தை வைத்து இந்த இரண்டைப் பிரிக்க முடியாது. குளுக்கோஸா சர்க்கரையா என்பதற்கு பெனடிக்ட் கரைசல் ஊற்றி, கொதிநீரில் 5 நிமிடம் வையுங்கள். செங்கல் நிறம் வந்தால் குளுக்கோஸ், நீலமாகவே நின்றால் சர்க்கரை. அம்மோனியம் குளோரைடு என்று சந்தேகமா? சோடியம் ஹைட்ராக்சைடு இரண்டு சொட்டு. நெடி தானே வரும், கையால் விசிறி முகருங்கள், மூக்கை வைக்காதீர்கள்.

கலவைப் பொடிதான் உண்மையான பரீட்சை. ஸ்டார்ச்சும் வைட்டமின் சி பொடியும் கலந்து வைத்தால், விட்ட அயோடின் சொட்டு நிறமிழந்து மறைந்துவிடும். வைட்டமின் சி அயோடினைத் தின்றுவிடுகிறது. அங்கேயே நிறுத்தி ‘ஸ்டார்ச் இல்லை’ என்று எழுதுவதுதான் வழக்கமான தவறு. நிறம் மறைந்தால் அதுவே ஒரு தடயம். சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே போங்கள். வைட்டமின் சி தீர்ந்த நொடியில் நீலம் வந்து நிற்கும். ஒரே குழியில் இரண்டு பொருளும் பிடிபட்டுவிடும்.

திருமங்கலம்:
ஒத்தக்கடை டீச்சர் சொன்னதோடு போரிக் ஆசிட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கேரம் போர்டு பவுடராக நம் வீட்டிலேயே கிடக்கும். இதற்கு மஞ்சள் தாள் போதும். மஞ்சள்தூளை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, வடிதாளை நனைத்து, நிழலில் காயவைத்து நறுக்கிக்கொள்ளுங்கள். சுண்ணாம்பு பட்டால் மஞ்சள் சிவக்கும் என்பது ஆரத்தி கரைத்தவர்களுக்குத் தெரியும். சலவைச் சோடாவும் அப்படித்தான், பட்ட உடனே சிவக்கும். போரிக் ஆசிட் உடனே காட்டாது. கரைசலோடு ஒரு சொட்டு ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்துத் தாளில் விட்டு, உலரவிட வேண்டும். உலர்ந்த பிறகு செம்பழுப்பு வரும். அதன்மேல் ஒரு சொட்டு சோடியம் ஹைட்ராக்சைடு விட்டால் கரும்பச்சையாகும். ஈரத்திலேயே பார்த்துவிட்டு இல்லை என்று எழுதக் கூடாது.

கால் தடத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கம் கரிசல், அதனால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். பள்ளி மைதான மணலில் மட்டும் பழகிய பிள்ளைகள் கரிசலில் தடம் வைத்தால் திணறுகிறார்கள். காய்ந்த கரிசல் வெடித்திருக்கும். ஊற்றிய பிளாஸ்டர் வெடிப்புக்குள் இறங்கி வேர் மாதிரிப் பிடித்துக்கொள்ளும், தூக்கும்போது அச்சு உடையும். செருப்பு அச்சைத் தொடாமல் சுற்றியுள்ள வெடிப்பை மட்டும் ஈரமண்ணால் அடைத்துவிட்டு ஊற்றுங்கள். மண்ணைத் தொடும் முன்பே அளவுகோல் வைத்துப் படம் எடுத்திருக்க வேண்டும். டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடித்தால்தான் மேடுபள்ளம் படத்தில் விழும், நேர் மேலிருந்து அடித்த வெளிச்சத்தில் தடம் தட்டையாகிவிடும்.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் என்றால் எடைக்கு இரண்டு பங்கு பொடி, ஒரு பங்கு தண்ணீர். பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் டென்டல் ஸ்டோன் கிடைத்தால் அதுதான் உத்தமம், 100 கிராமுக்கு 30 மில்லி தண்ணீர். தண்ணீரில் பொடியைத் தூவ வேண்டும், பொடியில் தண்ணீர் ஊற்றினால் கட்டி தட்டும். தடத்தின் மேல் நேராக ஊற்றாமல், ஓரத்தில் கரண்டியைப் பிடித்து அதன்மேல் ஊற்றி வழியவிடுங்கள். இறுகும்போது சூடேறும். சூடு தணிந்த பிறகு, அரை மணிக்குக் குறையாமல் விட்டுத் தூக்குங்கள். ஒட்டிவந்த கரிசலை அங்கேயே சுரண்டினால் தேய்மான அடையாளம் எல்லாம் போய்விடும். ஒரு நாளாவது காய்ந்த பிறகுதான் கழுவ வேண்டும். வாய் திறந்து பல மாதம் கிடந்த பை வேண்டாம். ஈரம் குடித்த பிளாஸ்டர் இறுகாது, இறுகினாலும் பொடிந்துபோகும்.

செல்லூர்:
ரத்தத் துளி பற்றி நான். நீள்வட்டத் துளியின் அகலத்தை நீளத்தால் வகுத்து, சைன் தலைகீழ் எடுத்தால் மோதிய கோணம். அகலம் 6 மி.மீ., நீளம் 12 மி.மீ. என்றால் 0.5, கோணம் 30°. சூத்திரம் எல்லோருக்கும் தெரிகிறது, சறுக்குவது அளப்பதில். வாலை நீளத்தில் சேர்த்துவிடுகிறார்கள். வால் தொடங்கும் இடத்தில் நீள்வட்டத்தை மனதில் மூடி அதுவரைதான் அளக்க வேண்டும்.

எந்தத் துளியை எடுப்பது என்பதும் முக்கியம். நீளம் 10 மி.மீ. உள்ள துளியில் அகலம் 9.5 என்றால் கோணம் 72°, 9.8 என்றால் 78.5°. 0.3 மி.மீ. பிசகுக்கு ஆறரை டிகிரி. அதே 0.3 பிசகு, 5.0 என்பது 5.3 ஆகும் இடத்தில் இரண்டே டிகிரிதான் மாற்றுகிறது. ஆகவே உருண்டைத் துளியை விட்டுவிட்டு நீண்ட துளிகளாகத் தேர்ந்தெடுங்கள். கால்குலேட்டர் டிகிரியில் இருக்கிறதா என்று முதலிலேயே 0.5 போட்டுப் பாருங்கள். 30 வராமல் 0.52 வந்தால் ரேடியனில் நிற்கிறது.

கறை ரத்தமா என்று பார்க்கும் காஸில்-மேயர் சோதனையில் வரிசை மாறினால் எல்லாம் வீண். நனைத்த பஞ்சில் கறையைத் தொட்டெடுத்து ஒரு சொட்டு ஆல்கஹால், பிறகு ஒரு சொட்டு காஸில்-மேயர் கரைசல். இங்கே நின்று பாருங்கள். இப்போதே ரோஜா நிறம் வந்தால் அது வேறு ஏதோ ஆக்சிஜனேற்றி, ரத்தம் என்று எழுதக் கூடாது. நிறம் இல்லையென்றால்தான் ஹைட்ரஜன் பெராக்சைடு. நிறம் சட்டென்று வர வேண்டும். அரை நிமிடம் கழித்து வருவது காற்று பட்டு வருவது, கணக்கில் இல்லை. மருந்துக்கடையில் 20 வால்யூம் என்று கிடைக்கும் பெராக்சைடு சுமார் 6 சதவீதம், சம அளவு தண்ணீர் கலந்தால் 3 சதவீதம். உருளைக்கிழங்குச் சாறும் ரோஜா காட்டும், அதனால் தாளில் ‘ரத்தமாக இருக்கலாம்’ என்பதற்கு மேல் எழுதாதீர்கள். ஆட்டு ரத்தத்துக்கும் மனித ரத்தத்துக்கும் இந்தச் சோதனையில் பேதம் கிடையாது.

மேலூர்:
கைரேகைக்கு ஒன்றே ஒன்று: மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பிரஷ்ஷைத் தொடுங்கள். பொடி அதிகமானால் ரேகை இடைவெளி அடைந்துபோகும், பிரஷ் நுனி மட்டும் பட வேண்டும். டேப்பில் எடுத்ததை அட்டையில் ஒட்டி, டேப்பின் மேல்பக்கமிருந்து படியுங்கள். பசைப்பக்கமிருந்து பார்த்தால் வளையத்தின் திசை இடம்வலம் மாறிவிடும், வலது கை இடது கையாகிவிடும். டெல்டா, அதாவது ரேகைகள் முக்கோணமாகப் பிரியும் இடம், ஒன்று என்றால் வளையம், இரண்டு என்றால் சுழி, இல்லவே இல்லை என்றால் வில். வாய்மொழிச் சுற்றில் ஆண்டுகள் கேட்கிறார்கள்: சென்னையில் வேதியியல் பரிசோதகர் ஆய்வகம் 1849, கல்கத்தாவில் கைரேகைப் பிரிவு 1897. சட்டத்தில், ஏழு ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் இடத்துக்குச் செல்ல வேண்டும் என்கிற பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பிஎன்எஸ்எஸ்) 176(3).

துணி நூலுக்கு மதுரை விளக்குத்தூண் பக்கத் தையல்கடை வெட்டுத்துணி போதும். சுங்குடிப் பருத்தி தாள் எரியும் வாசனையோடு மென்சாம்பலாகும், பட்டு மயிர் கருகும் நாற்றமடித்து நசுக்கினால் பொடியும், பாலியெஸ்டர் உருகி நசுங்காத கரும்மணியாகும். எரித்த நூல் திரும்ப வராது, நுண்ணோக்கியில் பார்த்து எழுதிய பிறகுதான் தீக்குச்சி.

வாடிப்பட்டி:
சொட்டுச் சோதனைக்குக் குழித்தட்டு எல்லாப் பள்ளியிலும் இல்லை. தீர்ந்த மாத்திரை அட்டையைக் கழுவிப் பயன்படுத்தலாமா, அண்ணே?

திருமங்கலம்:
குழி பிளாஸ்டிக்கில் இருந்தால், பின்பக்கத் தகட்டை முழுக்க உரித்துவிட்டுப் பயன்படுத்து தம்பி. இரண்டு பக்கமும் வெள்ளித் தகடாக வரும் அட்டை வேண்டவே வேண்டாம். அதற்குள் இருப்பது அலுமினியம். மேல்பூச்சு கீறிய இடத்தில் சோடியம் ஹைட்ராக்சைடு பட்டால் தகடே குமிழி விடும், பிள்ளைகள் அதைப் பொடி பொங்குவதாக எழுதிவிடுவார்கள். சந்தேகம் இருந்தால் வெறும் குழி ஒன்றில் அதே சொட்டை விட்டு, பக்கத்திலேயே வைத்துப் பார்க்கச் சொல்.