லேப்டாப் ஆமை வேகம், மூலையில் வைரஸ் எச்சரிக்கை: ஃபார்மட் அடிக்கத்தான் வேண்டுமா?

காவிரிக்கரை தட்டச்சு எழுதியது:

வணக்கம். கும்பகோணத்தில் வீட்டிலிருந்தபடியே டிடிபி வேலை செய்கிறேன். புத்தகத் தட்டச்சு, கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக நோட்டீஸ் என்று எது வந்தாலும் எடுத்துக்கொள்வேன். லேப்டாப் 2017-ல் வாங்கியது. ஐ3 ஆறாம் தலைமுறை, 4 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10.

இரண்டு மாதமாகப் படுத்துகிறது. காலையில் பட்டனை அழுத்திவிட்டுப் போய்ப் பால் காய்ச்சி, காபி போட்டுக் குடித்துவிட்டு வந்தாலும் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருளில் ஓர் எழுத்தைத் தட்டினால் திரையில் விழ இரண்டு மூன்று நொடி ஆகிறது. போன வாரத்திலிருந்து வலது மூலையில், கணினியில் 5 வைரஸ் இருப்பதாக ஆங்கிலத்தில் சிவப்பாக ஒரு பெட்டி வருகிறது. மூடினால் அடுத்த நிமிடம் மறுபடியும் வந்து நிற்கிறது. நேற்றுதான் உண்மையிலேயே பயந்துபோனேன். பிரஸ்ஸுக்குக் கொண்டுபோன பென் டிரைவை வீட்டில் செருகிப் பார்த்தால், ஃபோல்டர் அத்தனையும் அம்புக்குறி போட்ட ஷார்ட்கட்டாக மாறிக் கிடக்கின்றன.

கடையில் காட்டினேன். ஃபார்மட் அடித்து ஆன்டிவைரஸ் போட 3,500 ரூபாய், உள்ளே இருக்கும் ஃபைல்களுக்குப் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டார்கள். எட்டு வருட வேலை இதற்குள் இருக்கிறது. ஒரு தமிழாசிரியர் ஐயா கைப்பட எழுதிக் கொடுத்த தலபுராண உரை, 340 பக்கம், பாதி அடித்த நிலையில் இருக்கிறது. அவருக்கு வயது எண்பதுக்கு மேல். அதைத் தொலைத்துவிட்டு அவர் முகத்தில் எப்படி விழிப்பேன்?

பையன் பத்தாவது படிக்கிறான். அவன் கேம் விளையாடுவதும் இதில்தான். கேட்டால் ஒன்றும் டவுன்லோடு செய்யவில்லை என்கிறான். என்ன செய்யலாம், சொல்லுங்கள்.

இணைய நண்பன் எழுதியது:

ஃபார்மட்தான் ஒரே வழி மேடம். அதற்கு மனமில்லை என்றால் விண்டோஸ் தன் செட்டிங்ஸைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியைத் துடைக்கும் கிளீனர் ஏதாவது ஒன்றை இறக்கி ஓடவிடுங்கள், குப்பையெல்லாம் போய் வேகம் வந்துவிடும். கூடவே இலவச ஆன்டிவைரஸ் இரண்டு போட்டுக்கொள்ளுங்கள். ஒன்று விட்டதை இன்னொன்று பிடிக்கும்.

சர்வீஸ் மேசை எழுதியது:

அக்கா, எதையும் இறக்காதீர்கள், ஃபார்மட்டும் அடிக்காதீர்கள். மதுரையில் பதினாறு வருடமாக கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறேன். மெதுவாக ஓடும் கணினி எல்லாவற்றையும் வைரஸ் கேஸ் என்று எழுதி ஃபார்மட் அடிப்பது எங்கள் தொழிலில் ரொம்ப நாளாக இருக்கும் கெட்ட பழக்கம். அதில் பலருடைய குழந்தைப் படங்களும் கணக்குப் புத்தகங்களும் போயிருக்கின்றன.

நீங்கள் சொன்ன மூன்றும் ஒரே நோய் இல்லை. தனித்தனியாகப் பார்ப்போம்.

மூலையில் வரும் பெட்டி பெரும்பாலும் வைரஸே கிடையாது. ஏதோ ஒரு தளத்தில் நோட்டிஃபிகேஷன் அனுப்பலாமா என்று கேட்டபோது யாரோ 'அலோ' என்று அழுத்தியிருக்கிறார்கள். குரோம் செட்டிங்ஸில் பிரைவசி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போங்கள். அனுமதி வாங்கிய தளங்களின் பட்டியல் இருக்கும். பெயரே வாயில் நுழையாத தளங்கள் அதில் இருந்தால் எல்லாவற்றையும் நீக்குங்கள். இரண்டு நிமிட வேலை. அந்தப் பெட்டியை மட்டும் கிளிக் செய்துவிடாதீர்கள். அது பணம் கட்டச் சொல்லும் பக்கத்துக்கோ, போலி மென்பொருளுக்கோ கொண்டுபோய் விடும்.

பென் டிரைவில் இருப்பது நிஜமான வைரஸ். உங்கள் ஃபைல்கள் அழியவில்லை, மறைந்திருக்கின்றன. இந்த வகை என்ன செய்யும் என்றால், உண்மையான ஃபோல்டர்களை மறைத்துவிட்டு அதே பெயரில் ஷார்ட்கட் வைக்கும். நீங்கள் அதைத் திறக்கும்போது முதலில் வைரஸ் ஓடும், அப்புறம் உங்கள் ஃபோல்டரும் ஒழுங்காகத் திறக்கும். அதனால்தான் யாருக்கும் சந்தேகமே வராது. ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்லுங்கள், அதோடு 'ஹைட் ப்ரொடெக்டட் ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்' என்ற டிக்கையும் எடுங்கள். இந்த இரண்டாவதைப் பலர் விட்டுவிட்டு ஃபைல் போய்விட்டது என்று அழுகிறார்கள். சில பென் டிரைவில் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டர் தெரியும், எல்லாம் அதற்குள் இருக்கும். ஆனால் இதை ஸ்கேன் முடிந்த பிறகு செய்யுங்கள், அதுவரை அந்த பென் டிரைவ் எதிலும் ஏறக்கூடாது.

ஸ்கேனுக்கு விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸே போதும். விண்டோஸ் செக்யூரிட்டியில் ஸ்கேன் ஆப்ஷன்ஸுக்குள் 'ஆஃப்லைன் ஸ்கேன்' என்று ஒன்று இருக்கும். கணினி ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் எழுந்திருக்கும் முன்பே தேடும். வழக்கமாகக் கால் மணி நேரம். உங்கள் டிஸ்க்கில் கூடுதலாகவும் ஆகலாம், நடுவில் அணைக்க வேண்டாம்.

வேகம் வேறு கதை. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். ஒன்றும் திறக்காமல் இருக்கும்போதே டிஸ்க் என்ற இடத்தில் 100% என்று நிற்கிறதா பாருங்கள். நிற்கும் என்றே நினைக்கிறேன். பழைய ஹார்ட் டிஸ்க்கில் தட்டு சுழல வேண்டும், ஊசி போய் ஒவ்வொரு துண்டாக எடுத்து வர வேண்டும். 4 ஜிபி ராம் நிறைந்ததும் விண்டோஸ் மிச்சத்தை அந்த டிஸ்க்கிலேயே கொண்டுபோய் வைக்கும். பேஜ்மேக்கரில் எழுத்து தாமதமாக விழுவது இதனால்தான். எந்த கிளீனர் போட்டாலும் இது தீராது. தட்டும் ஊசியும் இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி டிஸ்க் மாற்றினால் தீரும்.

நண்பர் சொன்ன கிளீனரும் இரட்டை ஆன்டிவைரஸும் பற்றி ஒரு வார்த்தை. ரெஜிஸ்ட்ரியைத் துடைத்து வேகம் வந்த ஒரு கணினியை நான் இதுவரை பார்த்ததில்லை. 2017-ல் சிசிகிளீனர் என்ற பிரபலமான கிளீனரின் 5.33 பதிப்பில் திருடர்கள் தங்கள் நிரலை நுழைத்துவிட்டார்கள். அது தெரிந்தபோது 22 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதை நிறுவியிருந்தார்கள். ஆன்டிவைரஸ் இரண்டு போட்டால் ஒரே ஃபைலை இரண்டும் பிடித்து இழுக்கும். 4 ஜிபி ராம் அதைத் தாங்காது.

கடைசியாக ஒன்று பார்த்துச் சொல்லுங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் ப்ரொடக்ஷன், மேனேஜ் செட்டிங்ஸ் என்று போய்க் கீழே வந்தால் 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' இருக்கும். டிஃபெண்டர் எதைத் தொடக்கூடாது என்ற பட்டியல் அது. நீங்களாக எதுவும் சேர்க்காதிருந்தால் காலியாக இருக்க வேண்டும்.

காவிரிக்கரை தட்டச்சு எழுதியது:

தம்பி, ரொம்ப நன்றி. பெட்டி நின்றுவிட்டது. பட்டியலில் பதினோரு தளங்கள் இருந்தன, எல்லாவற்றையும் தூக்கிவிட்டேன். டிஸ்க் நீங்கள் சொன்னபடியே 100%.

ஆனால் அந்த எக்ஸ்க்ளூஷன்ஸ் காலியாக இல்லை. சி டிரைவ் என்று ஒரே ஒரு வரி இருக்கிறது. பையனைப் பக்கத்தில் உட்கார வைத்துத் திட்டாமல் கேட்டேன். ஒரு கேமின் கிராக், அதாவது காசு கட்டாமல் விளையாடப் பூட்டை உடைத்த திருட்டுப் பதிப்பு, இறக்கியிருக்கிறான். ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு நிறுவவும் என்று அதில் எழுதியிருந்ததாம், அப்படியே செய்திருக்கிறான். சொல்லிவிட்டு அழுதுவிட்டான்.

போட்டோ மாமா எழுதியது:

பையனைத் திட்டாமல் கேட்டீர்களே, அதுதான் சரி, அம்மா. திட்டியிருந்தால் சொல்லியிருக்க மாட்டான்.

என் வீட்டில் 2020-ல் நடந்ததைச் சொல்கிறேன். படம் திருத்தும் மென்பொருளுக்கு கிராக் இறக்கினேன், நானே டிஃபெண்டரை அணைத்தேன். ஒரு மணி நேரத்தில் எல்லா ஃபைலின் பெயருக்குப் பின்னாலும் நான்கு எழுத்து ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு கடிதம்: 980 டாலர், 72 மணி நேரத்துக்குள் என்றால் 490. ஸ்டாப் டிஜேவு என்ற ரான்சம்வேர், ஃபைல்களைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் வகை. எம்சிசாஃப்ட் நிறுவனம் 2019 அக்டோபரில் இதன் 148 வகைகளுக்கு இலவசச் சாவி வெளியிட்டிருந்தது. எனக்கு வந்தது அதற்குப் பிந்தைய வகை, திறக்கவில்லை. அது ஒவ்வொரு ஃபைலிலும் முதல் 150 கேபி அளவைத்தான் பூட்டும். அதனால் நீளமான வீடியோக்கள் சிலவற்றை மீட்க முடிந்தது. படங்கள் போயே போய்விட்டன. என் மகளின் காதணி விழாப் படங்களில் இன்று கையில் இருப்பவை சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப்பிலிருந்து திரும்ப வாங்கிய நாற்பது மட்டும்.

ஐயாவின் தலபுராணத்தை இன்றே, இப்போதே வேறு இடத்தில் எடுத்து வையுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

சர்வீஸ் மேசை எழுதியது:

மாமா சொன்னதுதான் முதல் வேலை. புது எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் பேஜ்மேக்கர் ஃபைல்கள், பிடிஎஃப், படங்கள், ஃபான்ட் இவை மட்டும். இன்ஸ்டால் செய்யும் ஃபைல் ஒன்றுகூட வேண்டாம். காப்பி முடிந்ததும் கழற்றிவிடுங்கள், செருகியபடியே இருந்தால் ரான்சம்வேர் அதையும் பூட்டும். காப்பி எடுக்கும் முன் அந்த சி டிரைவ் வரியை நீக்கி, வைஃபையை அணைத்து, ஆஃப்லைன் ஸ்கேனும் ஓட்டிவிடுங்கள்.

எஸ்எஸ்டி மாற்றும்போது பழைய டிஸ்க்கில் இருப்பதை விண்டோஸோடு அப்படியே நகல் எடுத்து (குளோன்) போடச் சொல்லலாம் என்றிருந்தேன். இப்போது வேண்டாம். சி டிரைவ் முழுக்க எத்தனை நாள் காவலில்லாமல் கிடந்தது என்று தெரியாது. ஸ்கேன் சுத்தம் என்று சொன்னாலும் என் மனசு ஒப்பாது. புது எஸ்எஸ்டியில் புதிதாக விண்டோஸ் போடச் சொல்லுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி ஒரு கேஸில் போட்டு பீரோவில் வைத்துவிடுங்கள். ஏதாவது ஃபைல் விட்டுப்போயிருந்தால் பின்னால் எடுத்துக்கொள்ளலாம். எட்டு வருட வேலையில் ஒரு எழுத்துகூட அழியாது. லைசென்ஸ் பற்றிக் கவலை வேண்டாம். விண்டோஸ் 10 ஆக்டிவேட் ஆகி ஓடிய மெஷின் என்றால், மதர்போர்டு மாறாதவரை நெட்டில் சேர்த்ததும் தானே ஏற்றுக்கொள்ளும். ராம் இன்னொரு 4 ஜிபி சேர்க்க இடம் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். விலை ஊருக்கு ஊர் மாறும், இரண்டு கடையில் கேளுங்கள்.

உங்கள் பிராசஸருக்கு விண்டோஸ் 11 முறைப்படி கிடையாது, இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான். விண்டோஸ் 10-க்கு வழக்கமான அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டது. வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் நீட்டித்தார்கள், விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் பதிவு செய்ய வேண்டும். அதைச் செய்துவிடுங்கள்.

இன்றிரவே இன்னொரு வேலை. கிராக்கோடு வரும் திருட்டு நிரல்கள் பல, பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும், நீங்கள் ஏற்கெனவே உள்ளே வந்தவர் என்று தளத்துக்குக் காட்டும் லாகின் குக்கீகளையும் அள்ளிக்கொண்டு போகும். குக்கீ போய்விட்டால் ஓடிபி கேட்காமலேயே உங்கள் மெயிலுக்குள் நுழையலாம். அதனால் மொபைலிலிருந்து மெயில், பேங்க் பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். லேப்டாப்பிலிருந்து வேண்டாம். மெயிலில் எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறச் சொல்லும் வசதி இருக்கும், அதையும் அழுத்துங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்றப் புகார் எண் 1930-க்கு அழையுங்கள்.

ஃபான்ட் இறக்கும்போதும் கவனம். நம் டிடிபி ஆட்கள் அதிகம் மாட்டுவது அங்கேதான். பாமினி மாதிரி பழைய ஃபான்ட் தேடும்போது கண்ட கண்ட தளத்தில் இறக்குகிறோம். ஃபான்ட் ஃபைல் டிடிஎஃப் அல்லது ஓடிஎஃப் என்றுதான் முடியும். இஎக்ஸ்இ என்று முடிந்தால் தொடாதீர்கள். விண்டோஸ் இந்தப் பின்னொட்டை மறைத்தே வைத்திருக்கும், ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ போய் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' டிக் போட்டால் தெரியும்.

காவிரிக்கரை தட்டச்சு எழுதியது:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். ஸ்கேனில் இரண்டு பிடிபட்டன. புது எஸ்எஸ்டி போட்டாயிற்று. பட்டனை அழுத்தி நாற்காலியை இழுத்து உட்காருவதற்குள் திரை வந்துவிடுகிறது. எழுத்து கைக்கு முன்னால் ஓடுகிறது. பென் டிரைவில் நீங்கள் சொன்ன அந்தப் பெயரில்லாத ஃபோல்டர் இருந்தது, எல்லா நோட்டீஸும் அதற்குள் பத்திரமாக இருந்தன. பையனுக்கு அட்மின் உரிமை இல்லாத தனி கணக்கு போட்டுக் கொடுத்தேன், அவனே கேட்டு வாங்கிக்கொண்டான்.

ஒரே ஒரு சந்தேகம். பிரஸ்ஸில் இருக்கும் கணினியை நான் எதுவும் சொல்ல முடியாது. வாரம் மூன்று முறை பென் டிரைவ் அங்கே போய்த்தான் ஆக வேண்டும்.

சர்வீஸ் மேசை எழுதியது:

முடிந்தவரை பிடிஎஃப்பாக மெயிலில் அனுப்பிவிடுங்கள் அக்கா. பென் டிரைவ்தான் வேண்டும் என்றால் பிரஸ்ஸுக்கென்று தனியாக ஒன்று, அதில் அன்றைய பிடிஎஃப் மட்டும். திரும்பி வந்ததும் உள்ளே எதையும் திறக்காமல் ஃபார்மட் செய்துவிடுங்கள். ஃபார்மட் அடிக்க வேண்டியது அதைத்தான்.

காவிரிக்கரை தட்டச்சு எழுதியது:

சரி தம்பி. சிவப்பு நூல் கட்டி ஒன்றைத் தனியாக எடுத்து வைத்துவிட்டேன். தலபுராணம் 212-ஆம் பக்கத்தில் இருக்கிறேன்.