நாத்தனார் படிப்புக்கு வைத்த நகை

கரூர் அண்ணி:

வீட்டில் ஒருவரின் படிப்புக்காக என்ன செய்தோம் என்று எழுதும் இந்தப் பகுதியில், பலரும் பெற்ற பிள்ளைக்காகச் செய்ததைச் சொல்லியிருக்கிறீர்கள். நான் நாத்தனாருக்காகச் செய்ததைச் சொல்கிறேன்.

கரூர்ப் பக்கம் கிராமம். வீட்டுக்காரருக்கு பஸ் பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங் வேலை. நான் எக்ஸ்போர்ட் ஆர்டருக்குத் தலையணை உறை, திரைச்சீலை தைப்பேன். மாமியார் என் கல்யாணத்துக்கு முன்பே தவறிவிட்டார். வீட்டில் மாமனாரும், பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த வீட்டுக்காரரின் தங்கையும். 2011ல் அவள் பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்து, நர்சிங் படிக்கணும் என்றாள். கலந்தாய்வில் தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடமும் கிடைத்தது.

அதே சமயம் சொந்தத்தில் ஒரு மாப்பிள்ளை கேட்டு வந்தார்கள். "படிக்க வைக்கிற காசுக்குக் கட்டிக் கொடுத்துட்டா கடமை முடிஞ்சுது" என்று பெரியவர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். வீட்டுக்காரர் பதில் பேசாமல் இருந்தார், ஏனென்றால் கையில் காசு இல்லை. இருந்தது என் நகைதான். அது எங்க அப்பா நூல் மில்லில் உழைத்துப் போட்டது. வைக்கலாம் என்று நானேதான் சொன்னேன். எங்க அம்மா கேள்விப்பட்டு, "நாத்தனாருக்காக நகையை அடகு வைக்கறவளை இப்பத்தான் பாக்கறேன்" என்று கோபித்துக்கொண்டு ரொம்ப நாள் வீட்டுப்பக்கமே வரவில்லை. அம்மா பயந்ததில் நியாயம் இருந்தது. அப்பாவுக்கு இரண்டாம் தடவை நகை செய்ய வழியில்லை.

முறுக்குச் செயினையும் ஆரத்தையும் வங்கியில் என் பெயரில் வைத்தோம். வட்டி வருடத்துக்கு 12 சதவீதத்துக்குப் பக்கம். ஹாஸ்டல் டெபாசிட்டை உடனே கட்டச் சொல்லிவிட்டார்கள், அன்றைக்கு வங்கி நேரம் முடிந்திருந்தது. அதனால் நெளி வளையல் ஜோடியை மட்டும் ஒரு அடகுக் கடையில் வைத்தோம். அங்கே நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி. மாதத்துக்கு இரண்டு என்றால் வருடத்துக்கு 24. கேட்கிற நேரத்தில் இரண்டு ரூபாய் என்பது சின்னதாகத்தான் தெரியும்.

இரண்டாம் வருடத்தில் கல்விக்கடன் கிடைத்தது கொஞ்சம் மூச்சு விட வைத்தது. அப்போதைய விதிப்படி 4 லட்சம் வரை சொத்து ஜாமீன் கேட்கக்கூடாது என்பதும், குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்தால் படிக்கிற காலத்து வட்டியை மத்திய அரசே ஏற்கும் என்பதும் கல்லூரியில் ஒரு மேடம் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

2012 மின்வெட்டு ஞாபகம் இருக்கும். சென்னையை விட்டு வெளியே வந்தால் பாதி நாளுக்கு மேல் கரண்ட் இருக்காது. மெஷின் ஓடினால்தானே எனக்குக் கூலி? வந்த ஆர்டரும் கைமாறிப் போனது. வங்கி வட்டியை எப்படியோ கட்டினோம், கடை வட்டி நின்றுவிட்டது. ஒரு நாள் கேட்கப் போனபோது வளையல் ஏலத்தில் போய்விட்டது என்றார்கள். அது எனக்கும் வீட்டுக்காரருக்கும் மட்டும் தெரிந்த விஷயம். படிக்கிற பிள்ளையிடம் எதற்குச் சொல்வது?

2015ல் படிப்பு முடிந்து கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். முதல் சம்பளத்தோடு வந்தவள், என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பழைய அனாடமி நோட்டைப் பிரித்துக் காட்டினாள். முன்பக்கமெல்லாம் எலும்பும் நரம்பும். கடைசிப் பக்கங்களில் கோடு போட்டுப் பட்டியல். முறுக்குச் செயின், எத்தனை கிராம், எந்தத் தேதியில் வைத்தது, எந்த பீஸுக்கு. ஆரம், அதே மாதிரி. கம்மலை வைத்து மூன்று மாதத்தில் திருப்பியதைக்கூட விடவில்லை. நெளி வளையலுக்கு நேரே சிவப்பு மையில் "ஏலம். புதுசு வாங்கணும்."

"உனக்கு யார் கண்ணு சொன்னது?" என்றேன்.

"லீவுக்கு வந்தப்ப உங்க கை மொட்டையா இருந்துச்சுங்க அண்ணி. அண்ணனைக் கேட்டேன். உங்களுக்குத் தெரிய வேண்டாம்னு சொன்னாரு, அதனால எழுதி மட்டும் வெச்சுக்கிட்டேன்."

நான்கு வருடமும் ஒருத்தி பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள், அதுவும் கிராம் கணக்கில். வைத்த நகை திரும்புமா என்பதே அந்த நிமிஷத்துக்குப் பிறகு எனக்குப் பெரிதாகப் படவில்லை. வீட்டுக்காரருக்குச் சோறு போடும்போது அழுதுவிட்டேன், அவர் பயந்து போனார்.

இரண்டு வருட அனுபவம் ஆனதும் சவுதிக்கு முயற்சி செய்தாள். சவுதி, குவைத் மாதிரி நாடுகளுக்கு நர்ஸ் வேலைக்குப் போவதென்றால் அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் என்று 2015ல் விதி வந்திருந்ததால், தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் பதிந்தாள். ஏஜெண்டுக்கு லட்சக்கணக்கில் கொட்டும் வேலை மிச்சம். கல்விக்கடனை முதலில் அடைத்து, பிறகு நகையை ஒவ்வொன்றாகத் திருப்பினாள். வளையலுக்குப் பணம் அனுப்பியபோது 2020 தொடக்கம், பவுன் முப்பதாயிரத்தைத் தாண்டியிருந்தது. "விலை இறங்கட்டும் கண்ணு" என்று எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை.

அதற்கு அடுத்த வருடம் அவள் கல்யாணம். மாமனார் ஒற்றையாக நின்று தாரை வார்க்க முடியாது என்பதால் சித்தப்பாவும் சித்தியும் நிற்பார்கள் என்று பெரியவர்கள் பேசி முடித்திருந்தார்கள். மணவறையில் உட்கார்ந்த பெண் நிமிர்ந்து, "அண்ணனும் அண்ணியும் வரட்டும்" என்றாள். ஐயர் காத்திருந்தார், சபையில் முணுமுணுப்பு. மாமனார்தான் எழுந்து வந்து, "அதான் முறை, போம்மா" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். எனக்கு அவளைவிட பத்து வயதுகூட அதிகம் இல்லை. தாயின் இடத்தில் நின்று நீர் வார்த்தேன்.

எல்லாரும் நகையை வையுங்கள் என்று சொல்லவில்லை. கொடுத்துவிட்டு ஒரு நல்ல வார்த்தைகூட கிடைக்காதவர்கள் என் உறவிலேயே இருக்கிறார்கள். வைத்துத்தான் ஆகவேண்டும் என்றால் கடன் உங்கள் பெயரில் இருக்கட்டும், ரசீதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், கல்விக்கடனை முதல் வருடமே கேளுங்கள்.

முக்கூடல்காரன்:

அக்கா, நான் வாங்கிக்கொண்ட பக்கத்து ஆள். எங்க அக்கா பீடி சுற்றித்தான் என்னை பாலிடெக்னிக் படிக்க வைத்தாள். மடியில் தட்டு, இலை, தூள், நூல். ராத்திரி நான் படிக்கிற லைட்டிலேயே அவளும் உட்கார்ந்து சுற்றுவாள். ஆயிரம் பீடி முடியாமல் எழுந்திருக்க மாட்டாள். வேலை கிடைத்து நாலு காசு சேர்ந்ததும், "உனக்கு என்ன வேணும்க்கா?" என்று கேட்டேன். "எம்மவளுக்கு இந்தத் தட்டு வேண்டாம்ல" என்றாள். மருமகள் இப்போது பாளையங்கோட்டையில் பி.காம் இரண்டாம் வருடம். உங்கள் நாத்தனார் மாதிரி நான் கணக்கு எழுதி வைக்கவில்லை. எழுதினாலும் பத்தாது.

திருச்சி வாசகி:

படித்துவிட்டு உடனே எழுதுகிறேன். உங்க அம்மா கோபம் தீர்ந்ததா?

கரூர் அண்ணி:

தீர்ந்தது என்ன! பிரஷர் மாத்திரையில் சந்தேகம் வந்தால் நேராக சவுதிக்குத்தான் போன் போடுகிறார். என் தம்பி மகளை நர்சிங்கில் சேர்க்கலாமா என்றும் அவளிடமே கேட்டார். சேர்த்தாகிவிட்டது. முதல் வருட பீஸுக்கே கல்விக்கடன் போட்டிருக்கிறோம், விண்ணப்பம் முழுக்க அவள்தான் போனில் சொல்லிச் சொல்லி நிரப்ப வைத்தாள்.