சிடி32 + டிஎஃப்330: சிடி சுத்தத் தொடங்கினா ரீசெட், பிறகு மஞ்சள் திரை. ஆராவது உதவுங்கோ

மஞ்சள்திரை (ஞாயிறு இரவு 11:20)

எல்லாருக்கும் வணக்கம். நான் லண்டனில இருக்கிறன். 1993 நத்தாருக்கு மாமா வாங்கித் தந்த அமிகா சிடி32 (கொமடோர் கம்பனியின்ர, சிடியில ஓடுற கேம் பெட்டி) இன்னும் என்னட்டை இருக்கு. போன வருசம்தான் மேல்தட்டில இருந்து இறக்கினனான். ஓடுது. ஓடின சந்தோசத்தில ஆசை கூடி, டிஎஃப்330 ஆக்சிலரேட்டர் (வேகமான சிபியுவும் ரேமும் இருக்கிற கார்டு) ஒண்டு வாங்கிப் பின் ஸ்லாட்டில போட்டன். 14 மெகாஹெர்ட்ஸ் 68ஈசி020 சிபியு இருந்த பெட்டியில இப்ப 50 மெகாஹெர்ட்ஸ் 68030, 64 எம்பி ஃபாஸ்ட் ரேம் (சிபியுவுக்கு மட்டுமான ரேம்), டிஸ்க் பூட்ட ஐடிஇ.

சிஎஃப் மெமரி கார்டில இருந்து வொர்க்பெஞ்ச் (அமிகாவின்ர டெஸ்க்டாப்) ஏறுது, மணிக்கணக்கா அசையாமல் நிக்குது. ஆனா சிடியை வச்சு மூடியைச் சாத்தினா, டிஸ்க் சுத்தத் தொடங்கி ரெண்டு செக்கனில ரீசெட். திரும்ப எழும்பேக்கை சில நேரம் மஞ்சள் திரையிலேயே நிண்டுடும். மூடி திறந்து கிடந்தா ஒண்டும் இல்லை. டிஎஃப்330 கார்டைக் கழட்டினா சிடி வடிவா ஓடுது.

செய்து பார்த்தது: காண்டாக்ட் எல்லாம் ஆல்கஹால் போட்டுத் துடைச்சாச்சு. வேற சிஎஃப் கார்டு. புது பவர் சப்ளையும் போட்டாச்சு (5 வோல்ட் 4 ஆம்பியர், 12 வோல்ட் 2 ஆம்பியர்). கப்பாசிட்டர் மாத்தேல்லை. இடப்பக்கச் சத்தம் கொஞ்சம் குறைவு, அதுவும் சொல்லிவிடுறன். வித்த ஆளிட்டைக் கேட்டா "டெஸ்ட் பண்ணித்தான் அனுப்பினது" எண்டு ஒரு வரி.

கார்டு பழுதோ?

ஈயப்புகை (திங்கள் காலை 7:05)

மஞ்சள் திரைன்னா கார்டு செத்துடுச்சுன்னு அர்த்தம் இல்ல. ஆன் ஆகும்போது கிக்ஸ்டார்ட் (ரோம்ல இருக்கிற தொடக்க சாஃப்ட்வேர்) எல்லாத்தையும் ஒரு தடவை சோதிக்கும். ரோம் செக்சம் (சரிபார்க்கிற கூட்டுத்தொகை) தப்பினா சிவப்பு, சிப் ரேம் (படம், சத்தம் சிப்பெல்லாம் பகிர்ந்துக்கிற ரேம்) தப்பினா பச்சை. பிழையைப் பிடிக்கிற ஏற்பாடு தயாராகறதுக்கு முன்னாடியே சிபியு எங்கயோ தடுக்கி விழுந்தா மஞ்சள்.

மூடி திறந்திருந்தா பிரச்சினை இல்லன்னு நீங்களே எழுதிட்டீங்க, பாதி விடை அதுல இருக்கு. மோட்டார் கிளம்புற நொடியில கரண்ட் எகிறும். 4 ஆம்பியர்ங்கிறது சப்ளையால எவ்வளவு தர முடியும்கிற கணக்கு. போர்டுக்கு என்ன வந்து சேருதுங்கிறது வேற கதை. கார்டைப் போட்டு, சிடி சுத்தும்போது, போர்டிலேயே அளங்க. மீட்டர்ல மின்/மேக்ஸ் (குறைஞ்சதையும் கூடினதையும் பதியற வசதி) இருந்தா அதைப் போட்டு வைங்க, இல்லன்னா அந்தச் சரிவு கண்ணுக்கே தெரியாது. 68030க்கு 5 வோல்ட்ல 5 சதவீதம்தான் சலுகை. 4.75க்குக் கீழ போயிட்டா அது என்ன செய்யும்னு யாராலயும் சொல்ல முடியாது.

பழைய_இரும்பு (திங்கள் காலை 9:40)

தம்பி, சத்தம் குறையுதுன்னு ஒரு மூலையில எழுதி வச்சிருக்கியே, அதைப் பாரு முதல்ல. சிடி32 போர்டுல சர்ஃபேஸ் மவுண்ட் எலக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டர்தான். ஊத்தாத போர்டை நான் பார்த்ததில்ல. அடியில கசிஞ்சு காப்பர் டிராக்கை அரிச்சுக்கிட்டே போகும். நம்பலேன்னா ஆடியோ பக்கத்துல ஒண்ணு மேல சாலிடரிங் அயர்னை வை. கருவாடு சுட்ட வாசம் வந்தா ஊத்தியிருக்குன்னு அர்த்தம். மாத்தற வரைக்கும் கார்டைப் போடாதே.

டர்போபட்டன் (திங்கள் மதியம் 1:15)

ப்ரோ, சப்ளைக்குள்ள வோல்ட் கூட்டுற சின்னத் திருகு இருந்தா 5.4 வரைக்கும் ஏத்தி விடுங்க. முடிஞ்சுது.

ஈயப்புகை (திங்கள் மதியம் 1:32)

தயவுசெஞ்சு அதைச் செய்யாதீங்க. சிடி சுத்தாத நேரத்துல அந்தக் கூடுதல் வோல்ட் எங்க போகும்? ஆலிஸ், லிசா, பாலா, அகிகோன்னு போர்டுல இருக்கிற கொமடோர் சிப்புங்க தலையில. கொமடோர் 1994லயே கடையை மூடிட்டாங்க, இந்தச் சிப்பெல்லாம் இனி எந்த ஃபேக்டரியிலயும் வராது. வழியில எங்க தொலையுதுன்னு கண்டுபிடிக்கணுமே தவிர, கூடுதலா ஊத்தக் கூடாது.

மஞ்சள்திரை (திங்கள் இரவு 10:50)

அளந்தன். சப்ளை முனையில 5.08, சிடி சுத்தேக்கையும் அசையேல்லை. போர்டில:

கார்டு இல்லாமல் 4.88. கார்டு போட்டு, சிடி நிக்கேக்கை 4.78. சிடி கிளம்பேக்கை மீட்டர் பிடிச்ச ஆகக் குறைஞ்சது 4.55.

ஒரு விசயம் சொல்ல மறந்திட்டன், வெக்கமா இருக்கு. புது சப்ளையின்ர பிளக் பொருந்தேல்லை. அதால பழைய சப்ளையின்ர டின் பிளக்கை வெட்டி எடுத்து, வீட்டில கிடந்த வயரால நீட்டி ஒட்டினனான். அலார்ம் வயர் எண்டு நினைக்கிறன். 1.2 மீட்டர் இருக்கும்.

ஈயப்புகை (திங்கள் இரவு 11:14)

அலார்ம் வயரா! 😄 24 கேஜா இருக்கும் (கேஜ் எண் கூடினா வயர் மெலிசு). அது மீட்டருக்குச் சுமார் 0.084 ஓம். போக ஒண்ணு, வர ஒண்ணு, ஆக 2.4 மீட்டர், 0.2 ஓம். கார்டோட சேர்த்து பெட்டி 1.5 ஆம்பியர் இழுக்குதுன்னு வைங்க, 0.3 வோல்ட் வழியிலேயே காலி. 5.08ல 0.3 போனா 4.78. உங்க மீட்டர் காட்டினதே அதானே. கார்டு இல்லாதப்ப இழுப்பு குறைவு, வோல்ட் அவ்வளவு கீழ போகலை, அதனாலதான் சிடி ஒழுங்கா ஓடுச்சு. புது சப்ளை, புது கார்டு ரெண்டுமே நிரபராதி.

18 கேஜ் வயர் வாங்குங்க, 60 சென்டிமீட்டர் போதும். கிரவுண்டுக்கும் அதே தடிமன், அங்க கஞ்சத்தனம் வேண்டாம். ஒட்டினதும் உடனே பெட்டியில செருகாதீங்க. பிளக்கோட ஒவ்வொரு பின்னையும் மீட்டரால பார்த்து, பழைய சப்ளைல எந்தப் பின்ல 5, எந்தப் பின்ல 12 வந்துச்சோ அதேதானான்னு சரிபாருங்க. 5 போக வேண்டிய இடத்துல 12 போயிட்டா, அப்புறம் இந்த இழையே தேவைப்படாது.

மஞ்சள்திரை (சனி மாலை 6:30)

வேலை செய்யுது அண்ணா! 18 கேஜ் போட்டன். கார்டோட 5.04, சிடி கிளம்பேக்கை ஆகக் குறைஞ்சது 4.98. மூண்டு மணித்தியாலம் சிடி மாத்தி மாத்திப் போட்டன், ஒரு ரீசெட் இல்லை. பின்னை மீட்டரால பார்க்கச் சொன்னது நல்ல வேளை. முதல்தரம் ரெண்டு வயரை மாறித்தான் ஒட்டியிருந்தனான்.

ரெண்டு சின்னக் கேள்வி. ஒரு கேம் மட்டும் தலைப்புத் திரையில உறையுது, கார்டு இல்லாமல் ஓடுது. மற்றது, இவ்வளவு வேகமான சிபியு வந்த பிறகு அகிகோவுக்கு வேலை இருக்கோ?

ஈயப்புகை (சனி இரவு 8:02)

கேமுக்கு: கேஷ்தான் (சிபியுக்குள்ள இருக்கிற குட்டி நினைவகம்) முதல் சந்தேகம். 020ல 256 பைட் இன்ஸ்ட்ரக்ஷன் கேஷ் மட்டும். 030ல டேட்டா கேஷும் உண்டு. தன் கோடைத் தானே ஓட ஓட மாத்திக்கிற பழைய கேமும், சிபியு வேகத்தை நம்பி எழுதினதும் இதுல தடுக்கும். வ்ஹெச்டிலோடுக்கு (பழைய கேமை டிஸ்க்ல இருந்து ஓட்டற புரோகிராம்) ஏத்தி வச்ச வடிவம் இருந்தா சிஎஃப்ல போட்டு, நோகேஷ் ஆப்ஷனோட ஓட்டிப் பாருங்க.

அகிகோவுக்கு: வரிசையா வர்ற பிக்சலை அமிகாவோட பிளேன் முறைக்கு (ஒவ்வொரு பிக்சலோட பிட்டையும் தனித்தனி அடுக்கா வைக்கிறது) மாத்தறதுல அது கைகொடுக்கும். சிபியு 32 பிக்சல் எழுதி, மாத்தினதைத் திரும்பப் படிச்சு, அப்புறம் சிப் ரேம்ல எழுதணும். ஃபாஸ்ட் ரேம் இல்லாத 020க்கு அது வரம். உங்க 030 அதே வேலையை ரிஜிஸ்டருக்குள்ளேயே முடிச்சுடும். ஆனா சிடி டிரைவைக் கட்டி மேய்க்கிறதும் அகிகோதான், அதனால வேலை போகலை.

பழைய_இரும்பு (சனி இரவு 9:20)

கப்பாசிட்டர் விஷயத்தை மறந்துட்டீங்க எல்லாரும். தம்பி, வோல்ட் சரியானா சத்தம் சரியாயிடாது. மாத்தும்போது இடுக்கியால திருகிப் பிடுங்கிடாதே. அரிச்ச போர்டுல பாட் (கால் ஒட்டியிருக்கிற காப்பர் திட்டு) அப்படியே பேர்ந்து வந்துடும். புது ஈயம் கொஞ்சம் ஊத்தி, ரெண்டு காலையும் மாத்தி மாத்திச் சூடு பண்ணி, தானா நகரும்போது தூக்கு.

மஞ்சள்திரை (சனி இரவு 9:51)

அண்ணா, இதை இப்பதான் பாக்கிறன். ஆடியோ பக்கத்தில ஒண்டை ஏற்கெனவே திருகிப் பிடுங்கிட்டன், பாட்டும் சேர்ந்து வந்திட்டுது. கருவாட்டு வாசம் உண்மைதான். படத்தோட புது இழை ஒண்டு போடுறன்.