ஒரே ஈட்டில் இரண்டு நிறம்

கிங் ஸ்நேக் என்றதும் ராஜநாகத்தை நினைத்துவிடாதீர்கள். இது விஷமற்றது, பிற பாம்புகளைத் தின்னும் பழக்கத்தில் மட்டும் அதற்குப் பங்காளி. நான் வளர்ப்பது மேற்கு டெக்சாஸின் சாம்பல் பட்டைக் கிங் ஸ்நேக். பாறையை வெட்டிப் போட்ட சாலையோரங்களில் இரவில் டார்ச் அடித்துத் தேடினாலும் சுலபத்தில் கண்ணில் படாது.

இதை வளர்ப்பவர்கள் அழகைக் கேட்பதற்கு முன்பு பூர்வீகத்தைக் கேட்பார்கள். எந்தச் சாலையில் கிடைத்த பாம்பின் வழி வந்தது? லாங்ட்ரி, ஜூனோ சாலை, பிளாக் கேப், ரிவர் ரோடு என்று பெட்டியின் மேல் எழுதி ஒட்டியிருப்போம். என்னிடம் இருப்பது லாங்ட்ரி ஜோடி. ஆணுக்குச் சாம்பல் உடம்பில் மெல்லிய கறுப்புப் பட்டைகள். பெண்ணுக்கு முதுகெல்லாம் அகன்ற ஆரஞ்சுத் திட்டுகள். வெவ்வேறு இனம் என்றுதான் யாரும் சொல்வார்கள். அறிஞர்களும் அப்படித்தான் சொன்னார்கள்: மெல்லிய பட்டைக்கு 1901இல் ஒரு பெயர், ஆரஞ்சுக்கு 1950இல் வேறொரு பெயர். இரண்டு வகையும் ஒரே ஈட்டு முட்டைகளிலிருந்து வெளிவரும் என்பது பிறகுதான் தெரிந்தது.

நான் கண்ணால் பார்த்தது போன ஆண்டு. குளிர்காலத்தில் இரண்டு வாரம் பட்டினி போட்டுக் குடல் காலியான பிறகு, 12 டிகிரி குளிரில் மூன்று மாதம் உறங்கவிட்டேன். வசந்தத்தில் சேர்ந்தன. ஏழு முட்டைகள், ஒன்று பூஞ்சை பிடித்துச் சுருங்கிவிட்டது. மற்றவற்றை 27 டிகிரியில் வைத்தேன். 66ஆம் நாள் ஓட்டில் ஒரு கீறல், அதில் நெல்மணி அளவு மூக்கு. விளக்கைப் போட்டதும் உள்ளே போய்விட்டது. மறுநாள் மாலை வரை அதே கண்ணாமூச்சி. கடைசியில் நான்கு பட்டைக்காரர்கள், இரண்டு ஆரஞ்சு.

அதற்குப் பிறகுதான் உண்மையான தலைவலி. காட்டில் பல்லி தின்று வளரும் குட்டிகளுக்கு எலிக்குஞ்சு உணவாகவே தெரியவில்லை. இரண்டு மட்டும் தின்றன. மற்றவற்றுக்காக, பல்லி உரித்த தோலை உறைபெட்டியில் சேமித்து, எலிக்குஞ்சின் மேல் தேய்த்து, இருட்டில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன். ஒரு ஆண் குட்டி ஐந்து வாரம் பிடிவாதம் பிடித்தது. ஒரு நாள் காலையில் எலிக்குஞ்சைக் காணவில்லை. குட்டியின் நடுவயிறு உப்பியிருந்தது. ஒவ்வொன்றையும் தனித்தனிப் பெட்டியில்தான் வைக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. உடன்பிறப்பும் இவற்றுக்கு இரைதான்.

ஒரு சறுக்கலையும் சொல்லிவிடுகிறேன். ரிவர் ரோடு வழி என்று நம்பி ஒரு பெண் பாம்பை வாங்கினேன். தாய் தந்தை விவரம் கேட்டபோது, விற்றவர் மூன்று முறை மூன்று கதை சொன்னார். என்னிடம் உள்ளவற்றில் அவளே பேரழகி, செங்கல் நிற ஆரஞ்சு. வருகிறவர்கள் எல்லோரும் முதலில் அவள் பெட்டி முன்புதான் நிற்கிறார்கள். எதனுடனும் சேர்க்கவில்லை. பெட்டியின் மேல் "ஊர் தெரியாது" என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.