சக்கிமுக்கித் துவக்கும் ஓடுகிற முயலும்

உப்புவெளியான்:
கனடாவில் இருக்கும் நம் திருகோணமலை ஊர்க்காரர் ஒருவர் நேற்று இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் கொதிக்கிறது. பழைய சக்கிமுக்கித் துவக்கின் அச்சில் புதிதாகச் செய்த ஒன்றை வாங்கி, முயல் வேட்டைக்குப் போகிறாராம். போகட்டும். அது அவர் இருக்கும் நாடு, அவருடைய அனுமதிப்பத்திரம். ஆனால் "விசையை இழுத்த கணமே வெடிக்கும், துளியும் தாமதமில்லை" என்கிறாரே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. கல்லைப் பிடித்திருக்கும் குதிரை என்கிற சுத்தியல் விழ வேண்டும், கல் உருக்குத் தகட்டில் உரச வேண்டும், பொறி குழலின் பக்கத்திலுள்ள சின்னக் கிண்ணியில் விழுந்து வெடிமருந்து பற்ற வேண்டும், அந்த நெருப்பு பக்கத்துத் துளை வழியாகக் குழலுக்குள் போக வேண்டும். பிறகுதான் வெடி. அதற்குள் முயல் தம்பலகாமம் போய்ச் சேர்ந்துவிடும்.

கோட்டைவாசல்:
எழுதியவர் என் மைத்துனர். அவரைப் பொய்யர் என்று சொல்வதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன்: அந்தத் துவக்கை நீங்கள் கையால் தொட்டதுண்டா? நான் அங்கே போயிருந்தபோது சுட்டுப் பார்த்தேன். கல் கூர்மையாக இருந்து, கிண்ணியில் நைசான மருந்தை அளவாக இட்டால், விசைக்கும் வெடிக்கும் இடையில் ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. பத்தில் ஒரு பங்கு! மருந்தை அள்ளித் திணித்துத் துளையை அடைப்பவனுக்குத்தான் அது திரி போல எரிந்து நேரம் எடுக்கும். குறை கையில், துவக்கில் இல்லை.

உப்புவெளியான்:
அப்படியானால் ஸ்கொட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் போர்சைத்துக்கும் கைதான் சரியில்லையா? கிண்ணியில் எழும் பளிச்சென்ற ஒளியையும் புகையையும் கண்டு, குண்டு வருமுன்னே பறவைகள் பறந்துவிடுகின்றன என்று நொந்துதான் அவர் கல்லைக் கைவிட்டு, தட்டினால் வெடிக்கும் மருந்துக்கு மாறினார். 1807இல் காப்புரிமையும் பெற்றார். தாமதமே இல்லையென்றால் பறவை ஏன் பறந்தது?

தம்பலகாமத்து வயல்:
எங்கள் அப்பா இடியன் துவக்கோடு பன்றிக்குக் காவல் இருந்தவர். மாரியில் மருந்து நமுத்துவிடும். அப்போது தாமதம் என்ன, வெடிக்கவே வெடிக்காது. எல்லாம் ஒரே சாமான்தான், எதற்கு இவ்வளவு சண்டை?

கோட்டைவாசல்:
தம்பி, ஒரே சாமான் இல்லை! வாய்வழியாக மருந்தை இட்டு இடிப்பதால் இடியன். எங்கள் பக்கத்து இடியன்களில் நான் பார்த்தவை எல்லாம் கேப்பு, அதாவது தட்டினால் வெடிக்கும் மருந்துள்ள சின்ன மூடி, வைத்து வெடிப்பவை. கல்லும் இல்லை, கிண்ணியும் இல்லை. தெரியாததைப் பேசி விவாதத்தைக் குழப்ப வேண்டாம். பாதிரியாரின் பறவைக்கு வருகிறேன். அது கண்டது ஒளியை. ஒளி குண்டுக்கு முன்னால் போகும். யார் இல்லை என்றது? முயல் புதருக்குள் தலையைக் கவிழ்த்துக் கிடக்கும்போது எந்த ஒளியைக் காணப்போகிறது? அமெரிக்காவில் 0.32 அங்குல அகலக் குழல்துளையுள்ள சக்கிமுக்கித் துவக்கால் மரத்து அணிலைச் சுடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பத்தில் ஒரு பங்கு நொடி. மறுபடியும் எழுதுகிறேன், பத்தில் ஒரு பங்கு.

தம்பலகாமத்து வயல்:
அப்பாவின் துவக்கை நீங்கள் பார்த்தீர்களா அண்ணன்? பார்க்காமலே எனக்குத் தெரியாது என்கிறீர்கள்.

நிலாவெளி ஆசிரியை:
முயலின் உயிரைப் பற்றி ஒருவராவது பேசுகிறீர்களா? கோட்டைக்குள் புள்ளிமான்கள் ஆட்களுக்கு அஞ்சாமல் திரிகிற ஊர் இது. வனசீவராசிகளுக்கு 1937இலிருந்தும் துவக்குகளுக்கு 1916இலிருந்தும் கட்டளைச் சட்டங்கள் இருக்கின்றன. இதைப் படித்துவிட்டு ஓர் இளைஞன் காட்டுக்குள் இறங்கினால் யார் பொறுப்பு?

கோட்டைவாசல்:
டீச்சர், கனடா முயலுக்கு எங்கள் சட்டம் எதற்கு? போன மாதம் என் எழுத்துப்பிழைகளை எண்ணி எல்லோர் முன்னிலையிலும் பட்டியல் போட்டவர் நீங்கள். இன்று சட்டப் புத்தகத்தோடு வந்திருக்கிறீர்கள்.

நிலாவெளி ஆசிரியை:
பதினொரு பிழைகள். இன்னும் திருத்தவில்லை.

உப்புவெளியான்:
இவர் எதைத்தான் திருத்தினார்? கோட்டையை ஒல்லாந்தர் கட்டினார்கள் என்று மூன்று நாள் வாதாடியவர். 1624இல் போர்த்துக்கேயர், கோணேசர் கோயிலை இடித்த கல்லைக்கொண்டு கட்டியது என்று சொன்ன பிறகும் இறங்கி வரவில்லை.

கோட்டைவாசல்:
1639இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள், 1665இல் திருப்பிக் கட்டினார்கள். நான் சொன்னது அந்தக் கட்டடத்தை. அதே கோட்டையை 1782 ஜனவரியில் ஆங்கிலேயரும், ஓகஸ்டில் பிரெஞ்சுக்காரரும் பிடித்தார்களே, எதை ஏந்திப் பிடித்தார்கள்? இதே சக்கிமுக்கித் துவக்கை! உலகத்துப் பட்டாளங்கள் நூறு ஆண்டுக்கு மேல் நம்பிய ஆயுதத்தை, உப்புவெளியில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் பழிக்கிறார். என் மைத்துனர் விடியற்காலையில் பனியில் நடந்து, ஒரே ஒரு வெடிக்காக மணிக்கணக்கில் காத்திருப்பவர். தப்பினால் மறுபடி மருந்திட்டு இடிக்க அரை நிமிடம் போய்விடும். அந்தப் பொறுமைக்கு ஒரு மதிப்பு வேண்டாமா?

உப்புவெளியான்:
வரிசையாக நிற்கும் பட்டாளத்தைச் சுடுவதற்குத் தாமதம் ஒரு தடையா? முயல் வரிசையில் நிற்காது.

கோட்டைவாசல்:
பத்தில் ஒரு பங்கு நொடி.

உப்புவெளியான்:
மைத்துனர் துளியும் இல்லை என்றார். நீங்கள் பத்தில் ஒரு பங்கு என்கிறீர்கள். முதலில் உங்கள் வீட்டுக்குள் பேசி முடித்துக்கொண்டு வாருங்கள்.

கோட்டைவாசல்:
வீட்டை இழுக்க வேண்டாம். கண் இமைப்பதற்குக்கூட அதைவிட நேரமாகும் என்பதால் துளியும் இல்லை என்று எழுதினார். தமிழ் தெரிந்தவர்களுக்கு அது விளங்கும்.

தம்பலகாமத்து வயல்:
அப்பாவின் துவக்கைப் பற்றி நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.

உப்புவெளியான்:
எனக்கும்தான் வரவில்லை. பாதிரியாரின் பறவை பறந்ததா, இல்லையா?

கோட்டைவாசல்:
மேலே எழுதியிருக்கிறேன். போய்ப் படியுங்கள்.