பெயரில்லாத நீலச் சட்டை: என் மகளுக்கு என்ன பதில் சொல்வது?

நீலக்கோடு கேட்கிறார்:

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து (ஹெல்மெட் மாட்டி, கையில் பந்தோடு மோதி ஆடுவது) பார்க்கும் நண்பர்களே, எங்கள் வீட்டு வழக்கு ஒன்றை உங்கள் முன் வைக்கிறேன். வழக்குத் தொடுத்தவள் என் மகள், வயது பதினான்கு.

சனிக்கிழமை பென் ஸ்டேட், அதாவது பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக அணியின் ஆட்டம். நீலச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, கறுப்புக் காலணி, வெள்ளை ஹெல்மெட்டின் நடுவே ஒரே ஒரு நீலக் கோடு. ஹெல்மெட்டில் சின்னம் கிடையாது, முதுகில் பெயர் கிடையாது. கொஞ்ச நேரம் பார்த்தவள், "இவர்களுக்கு மாற்றுத்துணியே இல்லையா அப்பா?" என்றாள். ரிமோட்டைப் பிடுங்கி ஆரகன் அணியின் ஆட்டத்தை வைத்தாள். அங்கே தோளிலும் ஹெல்மெட்டிலும் சிறகு முளைத்திருந்தது. போன வாரம் போட்டது இந்த வாரம் இல்லை. "பாருங்கள், இதற்குப் பெயர் சீருடை."

எனக்குச் சுருக்கென்றது. நான் பென் ஸ்டேட்டில் படித்தவன். 2007 செப்டம்பரில் நோட்ரே டேம் அணி வந்தபோது அரங்கம் முழுவதும் வெள்ளை உடுத்தி வரவேண்டும் என்று அறிவித்தார்கள். என்னிடம் இருந்த ஒரே வெள்ளைச் சட்டை நேர்முகத் தேர்வுக்கானது. கடுகுக் கறை படிந்துவிடும் என்று பயந்து, ஊரிலிருந்து கொண்டுவந்த வேட்டியைப் போர்த்திக்கொண்டு போனேன். பக்கத்தில் நின்ற பையன் அதை மேசை விரிப்பு என்று நினைத்தான். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வெள்ளையில் நிற்க, மைதானத்தில் எங்கள் பையன்கள் மட்டும் நீலத்தில் ஓடிவந்தார்கள். விருந்தாளி அணி வெள்ளை அணிவதுதான் வழக்கம் என்பதால், யோசித்தால் ரசிகர்களின் நிறத்தில் ஆடியது எதிரணிதான்! அது யாருக்கும் உறைக்கவில்லை. 31-10 என்று வென்றோம்.

மாற்றமே கூடாது என்று பிடிவாதம் பிடிக்கிறவன் அல்ல நான். 2012இல் முன்னாள் உதவிப் பயிற்சியாளர் ஒருவரின் குற்றத்தால் பெரும் அவமானம் சூழ்ந்து, தண்டனைகள் வந்து, விரும்பியவர்கள் உடனே வேறு கல்லூரிக்குப் போகலாம் என்று கதவைத் திறந்துவிட்ட நேரத்தில், போகாமல் நின்ற பையன்களின் பெயரைச் சட்டையில் பொறித்தார் புதிய பயிற்சியாளர் பில் ஓ'பிரையன். அந்தப் பெயர்களைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. 2015இல் பெயர்களை எடுத்தபோதும் சரி என்றே பட்டது. 2017இல் இண்டியானாவுக்கு எதிராகப் பழங்காலச் சீருடைகளின் அம்சங்களைக் கலந்து ஒன்று போட்டார்கள். ஹெல்மெட்டில் எண் இருந்தது. அதையும் ரசித்தேன். வாராவாரம் வேஷம் மாற்றுவதுதான் எனக்குப் பிடிபடவில்லை. நான் கிழவனாகிவிட்டேனா, இல்லை என் பக்கம் ஏதாவது நியாயம் இருக்கிறதா?

யூஜீன்வாசி பதில்:

மகள் கட்சிதான் நான். பதினாறு வருடமாக ஆரகன் பல்கலைக்கழகம் இருக்கும் யூஜீன் நகரில் இருக்கிறேன். இங்கே மழை நின்றால்தான் செய்தி.

உங்கள் அணிக்கு மாறாமல் இருக்கும் வசதி இருந்தது. ஊரே உங்களை அறியும். ஆரகனை யாருக்குத் தெரியும்? 1996 புத்தாண்டு அன்று காட்டன் பௌல் ஆட்டத்தில் கொலராடோவிடம் 38-6 என்று உதைபட்டார்கள். அதன் பிறகு நைக்கி நிறுவனர் ஃபில் நைட், பயிற்சியாளர் மைக் பெலோட்டியிடம் என்ன வேண்டும் என்று கேட்டார். மழைக்கு ஒதுங்கிப் பயிற்சி செய்ய ஒரு கூரை வேண்டும் என்றார் அவர். கூரை வந்தது. பிறகு நைக்கியின் புதுப்புதுச் சீருடைகளும் வந்தன. நைட் இதே பல்கலைக்கழகத்தில் பில் பவர்மனிடம் ஓட்டம் பழகியவர். அந்தப் பவர்மன்தான் பிறகு நைக்கியில் அவருடைய கூட்டாளி. ஆகவே வெளியிலிருந்து ஒரு கம்பெனி வந்து எங்களைப் பொம்மை ஆக்கியது என்று சொல்ல முடியாது. இது வீட்டுச் சரக்கு. 1999இல் புதிய சின்னம் வந்தது: ஒரு 'ஓ' எழுத்து. அதன் உள்வட்டம் ஓட்டப் பந்தயங்கள் நடக்கும் ஹேவர்ட் ஃபீல்ட், வெளிவட்டம் கால்பந்து ஆடும் ஆட்சன் அரங்கம்.

பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் ஃபுளோரிடாவிலோ டெக்ஸாஸிலோ உட்கார்ந்துகொண்டு, நாட்டின் மறுகோடியில் மழை கொட்டும் இந்த ஊருக்கு ஏன் வரவேண்டும்? அந்தச் சட்டை ஒரு காரணம். எங்களுக்கு மாறுவதுதான் மரபு, ஐயா. என்றைக்காவது இரண்டு வாரம் ஒரே உடையில் வந்தால் ஊரில் கலகம் வெடிக்கும்.

செம்மண் பதில்:

ஜார்ஜியாவிலிருந்து ஒரு கறுப்புக் கதை. 2007இல் ஆபர்ன் அணிக்கு எதிராக எங்கள் பையன்கள் திடீரென்று கறுப்புச் சட்டையில் வந்தார்கள். அரங்கமே பித்துப் பிடித்துக் கத்தியது. 45-20 என்று வெற்றி. சட்டைக்கு மந்திர சக்தி இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டோம்.

அடுத்த வருடம் அலபாமா வந்தது. ரசிகர்களும் கறுப்பு, அணியும் கறுப்பு. நானும் கறுப்பு. அலபாமாக்காரர்கள் வழக்கமான ஹெல்மெட்டுடன் வந்தார்கள்; பக்கவாட்டில் எண் மட்டும், வேறு ஒன்றும் கிடையாது. இடைவேளையில் 31-0. எழவு வீட்டுக்கு ஏற்ற உடையில்தான் வந்திருக்கிறோம் என்று அப்போதுதான் புரிந்தது. இரண்டாம் பாதியில் கொஞ்சம் ஈடு கொடுத்து 41-30இல் முடித்தோம். கறுப்புச் சட்டை மறுபடி வெளியே வர 2016 ஆனது. என்னுடையது இன்னும் அலமாரியில் இருக்கிறது. மனைவி அதைத் தரை துடைக்கக் கேட்கிறாள்.

துணிமூட்டை பதில்:

நீலக்கோடு அண்ணா, நீங்கள் எல்லோரும் இருக்கையிலிருந்து பேசுகிறீர்கள். நான் சலவை இயந்திரத்தின் பக்கத்திலிருந்து பேசுகிறேன்.

முதுகலை படித்த இரண்டு வருடம் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தின் கால்பந்து உபகரண அறையில் வேலை பார்த்தேன். பெயர் வேண்டாம். வெளிநாட்டு மாணவர்கள் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாம். நூலகத்தில் இடம் கிடைக்கவில்லை, இங்கே கிடைத்தது. கால்பந்து விதிகளில் ஒன்றுகூடத் தெரியாமல் சேர்ந்தேன். முதல் மாதம் எனக்குத் தெரிந்த ஒரே விஷயம், புல் கறை எந்தத் துணியில் எப்படிப் போகும் என்பது. வெள்ளைக் கால்சட்டையை இரவு முழுக்க ஊறப்போட வேண்டும். முழங்காலில் அப்படியும் பச்சை நிற்கும்.

ஆட்டம் முடிந்ததும் ஹெல்மெட்டுகள் வரும். முன்நெற்றியில் எதிரணி ஹெல்மெட்டின் சாயம் கோடு கோடாக ஒட்டியிருக்கும். யாருடன் மோதினான் என்று நிறத்தை வைத்தே சொல்லிவிடலாம். துணியில் திரவம் நனைத்து ஒவ்வொன்றாகத் துடைக்க வேண்டும். சில மூத்த வீரர்கள், "துடைக்காதே, இருக்கட்டும்" என்பார்கள். அவர்களுக்கு அது பதக்கம்.

இப்போது மாற்றுச் சீருடை வாரம். ஹெல்மெட்டின் பக்கவாட்டில் இருக்கும் சின்னங்களைச் சூடான காற்று ஊதி இளக்கி, நகத்தால் உரித்து, பசையைத் துடைத்து, புதியதை ஒட்ட வேண்டும். குமிழ் விழுந்தால் மறுபடி உரி. முகக்கம்பியின் நிறம் மாறினால் அதையும் கழற்றி மாட்ட வேண்டும். நூறு ஹெல்மெட்டுக்கு மேல். வியாழக்கிழமை இரவு இரண்டு மணிக்கு என் கட்டைவிரலில் நகமே மிச்சமில்லை. ஆட்டம் முடிந்த மறுநாள் எல்லாவற்றையும் பழையபடி மாற்ற வேண்டும். பென் ஸ்டேட்டின் அந்த ஒற்றைக் கோட்டை நினைத்துக் கோயிலுக்கு நேர்ந்துகொள்ளலாம் போலிருக்கும்.

ஒரு முறை சாம்பல் நிறச் சட்டை வந்தது. அதில் எண்களும் கிட்டத்தட்ட சாம்பல். வடிவமைத்தவர் கணினித் திரையில் பார்த்திருப்பார், அழகாகத்தான் இருந்திருக்கும். எண் சட்டையிலிருந்து பளிச்சென்று வேறுபட வேண்டும் என்பது விதி, எப்படியோ தப்பித்தது. மாலை வெயில் சாய்ந்ததும் எண்கள் காணாமல் போய்விட்டன. தொலைநோக்கி வைத்திருந்த வானொலிக்காரர் பாதி ஆட்டத்தை உத்தேசமாகச் சொன்னார். ஒரு வீரரின் அம்மா முடிந்ததும் வந்து, மூன்று மணி நேரம் வேறொருவர் பிள்ளைக்குக் கை தட்டியிருக்கிறேன் என்றார்.

இவ்வளவும் சொல்லிவிட்டு இதையும் சொல்லியாக வேண்டும். புதுச் சீருடையை முதலில் காட்டும் நாள் ஒன்று உண்டு. பெட்டிகள் ரகசியமாக வரும். நாங்கள் ராத்திரியோடு ராத்திரியாக அலமாரிகளில் மாட்டி வைப்போம். காலையில் கதவு திறந்ததும் அந்தப் பையன்கள் போடும் கூச்சல் இருக்கிறதே! நூற்றைம்பது கிலோ ஆள் ஒருவன் தீபாவளித் துணி பார்த்த குழந்தை மாதிரி சட்டையை முகத்தில் வைத்து மோந்து பார்த்தான். அந்தச் சட்டையைத் தோள் கவசத்தின் மேல் இழுத்து மாட்ட இருவர் வேண்டும். அன்று மாட்டிவிட்டவன் நான். என் நகம் போனதை மறந்துவிட்டேன்.

அண்ணா, பெயரில்லாச் சட்டை பற்றி ஒரு வார்த்தை. தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2021 ஜூலைக்கு முன் வீரர்கள் தங்கள் பெயரை வைத்து ஒரு டாலர்கூடச் சம்பாதிக்க முடியாது. அதனால் அப்போது கடையில் விற்ற சட்டைகளில் பெயர் இருக்காது, எண் மட்டும் இருக்கும். அது யாருடைய எண் என்று வாங்குகிறவருக்கும் தெரியும், விற்கிறவருக்கும் தெரியும். 'அணிதான் பெரிது, ஆள் அல்ல' என்ற பேச்சு சலவை அறையில் கேட்க இனிமையாகத்தான் இருந்தது. கடையில் அதற்கு வேறு கணக்கு.

சாயம் பற்றியும் ஒன்று, அது என் துறை. பென் ஸ்டேட்டின் முதல் நிறம் நீலமும் வெள்ளையும் அல்ல. 1887இல் மாணவர்கள் தேர்ந்தெடுத்தது அடர் இளஞ்சிவப்பும் கறுப்பும். வெயிலிலும் சலவையிலும் இளஞ்சிவப்பு வெளுத்து வெள்ளையாகிவிட்டதாம். 1890இல் நீலத்துக்கும் வெள்ளைக்கும் மாறினார்கள். நல்ல சாயம் கிடைத்திருந்தால் நீங்கள் வேட்டி போர்த்திப் போயிருக்க மாட்டீர்கள்.

நீலக்கோடு பதில்:

எல்லோருக்கும் நன்றி. துணிமூட்டை தம்பி, எண் மட்டும் போட்ட சட்டை ஒன்று என்னிடமும் இருக்கிறது, 2007இல் வாங்கியது. எந்தப் பையனுக்காக வாங்கினேன் என்று எனக்குத் தெரியும். பணம் அவனுக்குப் போகவில்லை என்பதும் தெரிந்தே இருந்தது, யோசிக்கவில்லை. அந்த இடத்தில் எனக்குப் பதில் இல்லை.

யூஜீன்வாசி, உங்கள் வாதம் பாதி ஏற்கிறேன். மாறுவதே மரபு என்றால், ஆரகன் எது என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பது? உங்கள் பச்சையே சில வாரம் வருவதில்லையே. வேண்டுமானால் மாற்றட்டும், காரணம் இருக்கட்டும். 2017இல் ராணுவ அகாடமி அணி கடற்படை அணிக்கு எதிராக முழு வெள்ளையில் வந்தது. பனிமலையில் போரிடப் பயிற்சி பெற்ற பத்தாவது மலைப் படைப்பிரிவின் நினைவாக. அன்று பார்த்து ஃபிலடெல்ஃபியாவில் பனி கொட்டியது. தொலைக்காட்சியில் ஆளைத் தேட வேண்டியிருந்தது, ஆனாலும் எழுந்து நின்று பார்த்தேன். 14-13 என்று ஒரே புள்ளியில் வென்றார்கள்.

மரபுக்காக விலை கொடுத்தவர்களையும் சொல்ல வேண்டும். லாஸ் ஏஞ்சலஸ் நகரின் இரு பல்கலைக்கழக அணிகளான சதர்ன் கலிஃபோர்னியாவும் யூசிஎல்ஏவும் முன்பு ஒரே அரங்கத்தைப் பகிர்ந்துகொண்ட காலத்தில், இரு அணிகளும் தங்கள் சொந்த நிறத்திலேயே மோதிக்கொள்ளும். பிறகு அது நின்றுபோனது. 2008இல் சதர்ன் கலிஃபோர்னியா பயிற்சியாளர் பீட் கேரல் தன் அணியை விருந்தாளி வெள்ளை இல்லாமல் சிவப்பிலேயே இறக்கினார். விதிப்படி ஒரு டைம் அவுட் (ஆட்டத்தைச் சிறிது நேரம் நிறுத்தும் உரிமை) பறிபோனது. உடனே யூசிஎல்ஏ பயிற்சியாளர் ரிக் நியூஹைசல் தானும் ஒரு டைம் அவுட்டை வேண்டுமென்றே வீணாக்கிக் கணக்கைச் சமன் செய்தார். அடுத்த வருடமே இரு அணிகளும் ஒப்புக்கொண்டால் போதும் என்று விதி மாறியது. எதிரிகள் இருவர் சேர்ந்து ஒரு பழைய பழக்கத்தை மீட்டார்கள். எனக்குப் பிடித்த சீருடைக் கதை இதுதான்.

யூஜீன்வாசி பதில்:

பச்சை வராத வாரங்களில் எனக்கும் கொஞ்சம் வலிக்கும். வெளியே சொல்லாதீர்கள்.

நீலக்கோடு பதில்:

இந்த உரையாடல் முழுவதையும் மகளுக்குப் படித்துக் காட்டினேன். நகம் போன இடத்தில் சிரித்தாள், அந்த அம்மா வேறொருவர் பிள்ளைக்குக் கை தட்டிய இடத்தில் மறுபடி படிக்கச் சொன்னாள். கடைசியில் இளஞ்சிவப்பு வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள். முதலில் இருந்தது அதுதானே, அப்படியானால் அதுதானே மரபு, அதைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லிப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதலாமா என்கிறாள். இரவு உணவுக்குள் பதில் சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். தெரிந்தவர்கள் சீக்கிரம் எழுதுங்கள்.